மலையடிப் பாதைக்கு ஒரு சைக்கிள்

உன் கடிதம் திங்கட்கிழமை மதியம் வந்தது. வாசுதேவநல்லூர் பக்கம் கால்நடை ஆய்வாளராக உனக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது என்ற வரியை உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார். அதற்குக் கீழே நீ கேட்டிருந்த கேள்வியை நான்தான் பலமுறை படித்தேன். மலையடியில் இருக்கிற தொழுவங்களுக்கும் தோப்புகளுக்கும் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும், அதிக விலை கொடுக்க முடியாது, தென்காசிக் கடையில் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்துப் புது மாதிரி வண்டிகள் வந்திருக்கின்றன, அதை வாங்கலாமா, பழைய மாதிரிக் கறுப்பு வண்டியே போதுமா, அது மாதிரிப் பாதைகளில் இத்தனை வருஷம் ஓட்டியவள் நீதானே அம்மா, சொல் என்று எழுதியிருந்தாய். அரைப் பக்கத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பதிலை எனக்கு எது கற்றுக்கொடுத்தது என்று சொல்லாமல் எழுதினால் அது வெறும் கடைக்காரர் பேச்சாகப் போய்விடும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் கடிதம் நீளும். பொறுமையாகப் படி.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று வேலை முடிந்ததும் தென்காசி போய், பழைய மாதிரிக் கறுப்பு, கியர் வைத்தது, கியர் இல்லாத தடித்த டயர் என்று மூன்று மாதிரிகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரருக்குச் சிரிப்பு. நாற்பத்தாறு வயதுப் பொம்பிளை சைக்கிளைத் தூக்கி நிறுத்துவதை அவர் பார்த்திருக்க மாட்டார். நீ போகப்போகிற பாதையில் அங்கங்கே கால்வாய் குறுக்கே ஓடும், பாலம் என்பது ஒற்றைக் கல்லாக இருக்கும், வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தாண்ட வேண்டும். கறுப்பு வண்டி கனம். உறுதியானது, எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், ஆனால் மெல்லிய டயர் ஈர மண்ணில் வழுக்கும். கியர் வைத்தது விலை அதிகம். அதன் கம்பிகள் வெளியே தொங்குகின்றன, முள்செடியில் மாட்டினால் அறுந்துவிடும், அறுந்தால் வாசுதேவநல்லூரில் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். உன் வேலைக்குக் கியர் தேவையும் இல்லை. ஏற முடியாத ஏற்றத்தில் இறங்கி உருட்டினால் போகிறது. கியர் இல்லாத தடித்த டயர் வண்டி இருக்கிறதே, நடுத்தர விலையில், அதுதான் உனக்குச் சரி. அதிலும் கண்ணைப் பறிக்கிற பெயிண்ட் அடித்தது ஒன்றும், சாதாரண நீல நிறத்தில் கொஞ்சம் விலை குறைந்தது ஒன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் சக்கரமும் பிரேக்கும் ஒன்றுதான். நீலத்தை எடு. மிச்சமாவதை மட்கார்டுக்கும், கேரியருக்கும், காற்றடிக்கிற பம்புக்கும், மாற்றுவதற்கு இரண்டு ஜோடி பிரேக் கட்டைக்கும் வைத்துக்கொள். மட்கார்டு வாங்கும்போது டயருக்கும் அதற்கும் நடுவில் உன் விரல் தாராளமாகப் போகிறதா என்று பார். இடைவெளி இல்லாவிட்டால் நம் பக்கத்துச் செம்மண் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது.

இன்னொன்று. காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி ரிம்மின் மேல் ஊற்றச் சொல். ஊற்றிவிட்டு ஏறி, கடைக்கு முன்னால் இருக்கிற இறக்கத்தில் விட்டு, பிரேக்கைப் பிடித்துப் பார். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். காய்ந்த ரிம்மில் எல்லா சைக்கிளும் நிற்கும். ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழும்போது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தத் தண்ணீரை நான் ஊற்றிப் பார்க்காத கதையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எனக்கு வடகரையில் நர்சு வேலை போட்டபோது நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். திருநெல்வேலியில் பயிற்சி எடுத்தபோதே ஆஸ்பத்திரி மைதானத்தில் எங்களுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் சம்பளம் வாங்கிய வாரமே உன் அப்பாவும் நானும் தென்காசிக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று பழையது. ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரம்மா விற்றுவிட்டுப் போனது. பெயிண்ட் உரிந்து, சீட்டில் கிழிசல் தைத்து, பார்க்கவே களையில்லாமல் இருந்தது. இன்னொன்று புத்தம் புதுசு. கிளிப்பச்சை நிறம். சேலை மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்தில் வெள்ளை வலை போட்டது. ஹேண்டில்பாரில் முகம் தெரியும். அண்ணாச்சி பழையதைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. “நர்சம்மா, இது பாக்க லெச்சணமா இருக்காது. ஆனா இதுக்கு பிரேக்கு சக்கரத்துக்கு உள்ள இருக்கு. பெடலப் பின்னால மிதிச்சா மழையிலயும் நிக்கும். அந்தப் பச்சை கடைத்தெருவுக்கு நல்லாருக்கும். நீங்க போற எடம் கடைத்தெரு இல்லல்லா.”

நான் பச்சையைத்தான் எடுத்தேன். முதல் சம்பளம், முதல் வண்டி. நான் பிறந்த தெருவில் ஒரு பெண் வேலைக்குப் போவதே பேச்சாக இருந்த காலம். போகிறவள் உரிந்துபோன பழைய வண்டியில் போனாள் என்று யாரும் சொல்லக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. உன் அப்பா, உனக்குப் பிடித்ததை எடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். கையில் இருந்ததெல்லாம் அந்தப் பச்சைக்கே போய்விட்டது. காற்றடிக்கிற பம்புகூட வாங்கவில்லை. தினமும் காலையில் அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பேன். நீ தொட்டால்கூட எனக்குக் கோபம் வரும். அது உனக்கு நினைவிருக்கும்.

வடகரையிலிருந்து மேற்கே, அனுமன் நதியை ஒட்டிப் போனால் மலையடியில் பதினைந்து இருபது வீடுகள் இருந்த ஒரு குடியிருப்பு உண்டு. தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர்கள். அங்கே பேச்சியம்மாள் என்று ஒரு பெண் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். இருபது வயது இருக்கும். நிறைய பேசமாட்டாள், ஆனால் நான் சொல்வதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். அவள் புருஷன் முருகையா அவளைச் செங்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டான். வேண்டாம், எல்லாம் நன்றாக இருக்கிறது, வலி வந்ததும் எனக்குச் சொல்லி அனுப்பு, அரை மணி நேரத்தில் வந்து நிற்பேன் என்று நான்தான் சொன்னேன். புது வேலை, புது வண்டி. அந்த நம்பிக்கையில் கொடுத்த வாக்கு.

ஆடி மாதம் ஒரு காலை. நாலு நாளாகச் சாரல் விடவில்லை. முருகையாவின் அண்ணன் வயல்வரப்பு வழியாக ஓடிவந்து வலி வந்துவிட்டது என்று சொன்னான். நான் மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன். அவன் அடுத்த ஊரில் பேச்சியம்மாளின் அம்மாவுக்குச் சொல்லப் போய்விட்டான். என் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கால்வாய்க்கு இறங்குகிற சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது போலவே இல்லை. நனைந்த ரிம்மில் கட்டை வழுக்கிக்கொண்டு போனது. கல்லில் மோதி விழுந்தேன். முழங்கையில் தோல் போனதைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை. பெட்டியும் உடையவில்லை. முன்சக்கரம் மட்டும் எட்டு போட்டதுபோல வளைந்து, உருட்டவே முடியாமல் நின்றுவிட்டது.

இதுவரை நடந்தது விபத்து. யாருக்கும் நடக்கும். நான் உன்னிடம் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. அங்கிருந்து குடியிருப்புக்கு நடந்தால் இருபது நிமிஷம். ஓடினால் அதற்கும் குறைவு. பெட்டியை எடுத்துக்கொண்டு நான் ஓடியிருக்க வேண்டும். பத்தடி நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். பச்சை சைக்கிள் பாதையோரத்தில் கிடந்தது. யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தோன்றியது. அந்த மழையில், அந்தப் பாதையில், வளைந்த சக்கரத்தோடு கிடக்கிற வண்டியை யார் எடுப்பார்கள்? ஆனால் எனக்கு விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. திரும்பிப் போய் அதை நிமிர்த்தினேன். முன்பக்கத்தைக் கொஞ்ச தூரம் தூக்கிப் பிடித்தும், கை வலித்தபோது அப்படியே மண்ணில் இழுத்தும் கொண்டுபோனேன். ஒற்றைக் கல் பாலத்தில் முதலில் பெட்டியை அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பி வந்து சைக்கிளைத் தூக்கிப் போனேன். இருபது நிமிஷப் பாதை எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு தடவை, இதை இங்கேயே போட்டுவிட்டு ஓடு என்று எனக்கே தோன்றியது. இவ்வளவு தூரம் இழுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூச்சில்லாத குழந்தையைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். ஆண் குழந்தை. வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, ஊதி, முதுகைத் தேய்த்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். யாருக்காகச் செய்தேன் என்று தெரியவில்லை. பேச்சியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு கிழவி கேட்டாள், ஏன் தாயி இம்புட்டு நேரம் என்று. வழியில் மரம் விழுந்து கிடந்தது, சுற்றி வரவேண்டியதாகிவிட்டது என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையிலும் மரம் என்றே எழுதினேன். உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். சக்கரத்தைக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, அதே பச்சை வண்டியிலேயே போய்வந்துகொண்டிருந்தேன். இரண்டு வருஷத்தில் பேச்சியம்மாள் மறுபடி உண்டானாள். மாதாமாதம் போவேன். கையை நீட்டுவாள், மாத்திரையை வாங்கிக்கொள்வாள், சரி என்பாள். எட்டாம் மாதம் முடிந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் செங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே இருந்து பெற்றுக்கொண்டு வந்தாள். பெண் குழந்தை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. மரம் என்ற பொய்யை அவள் நம்பியிருக்கவில்லையோ என்ற சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நீதான் என்னை அப்படி இருக்கவிடவில்லை. உனக்குப் பதினோரு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்காமல் பச்சை சைக்கிளை எடுத்துக்கொண்டு சேக்காளிகளோடு ஐந்தருவியில் குளிக்கப் போனாய். சாயங்காலம் ஆகியும் வரவில்லை. தெருமுனையில் வந்து நின்றேன். நீ தொப்பலாக நனைந்து, நசுங்கிய பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியை முன்சக்கரத்தில் உருட்டியபடி வந்தாய். இலஞ்சி தாண்டியதும் கால்வாயில் ஒரு கன்றுக்குட்டி விழுந்து தத்தளித்தது, குதித்து அதைக் கரையேற்றுவதற்குள் பாதையில் கிடந்த சைக்கிள் மேல் மாட்டுவண்டி ஏறிவிட்டது என்று சொன்னாய். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனால் என்ன என்று கேட்டேன். “கன்னுக்குட்டி தலை தண்ணிக்குள்ள போயிட்டும்மா. ஸ்டாண்டு போட நேரம் இல்ல” என்றாய். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நீ அழவில்லை. எதற்காக அடித்தேன் என்று புரியாமல் என்னையே பார்த்தாய். கேட்காமல் எடுத்ததற்கு அடித்தேன் என்று அப்போது சொன்னேன். அது இல்லை. நான் செய்ய முடியாமல் போனதை ஒரு கன்றுக்குட்டிக்காக நீ செய்துவிட்டு வந்து நின்றாய். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த அடிக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மன்னித்துக்கொள் ஐயா.

அதற்கடுத்த வாரம் தடுப்பூசி நாள். பேச்சியம்மாள் குழந்தையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஊசி போட்டு மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, அவளை உட்காரச் சொன்னேன். அன்றைக்கு மரம் ஒன்றும் விழவில்லை, சைக்கிளை விட்டுவிட்டு வர மனசில்லாமல் இழுத்துக்கொண்டு வந்தேன், அதனால்தான் நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அவள் குழந்தையின் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“தெரியும் நர்சம்மா. அன்னைக்கு மத்தியானமே அவுக தோப்புல இருந்து அந்த வழியாத்தான் வந்தாவ. மரம் ஒண்ணும் கிடக்கல, கால்வாயில இருந்து நம்ம வீடு வரைக்கும் சக்கரம் உழுத தடம்தான் கிடக்குன்னு சொன்னாவ.”

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டிருந்தா நீங்க இன்னொரு பொய் சொல்லியிருப்பீய. அப்புறம் உங்க மூஞ்சியப் பாத்து மாத்திர வாங்க முடியுமா? எங்களுக்கு வேற நர்சம்மா யாரு இருக்கா?”

குழந்தையை மடியில் சரித்துக்கொண்டாள். பிறகு என்னை நேராகப் பார்த்து ஒன்று கேட்டாள். “சைக்கிளப் போட்டுட்டு வந்திருந்தீயன்னா, எம் புள்ள பொழச்சிருக்குமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கடவுள் விட்ட வழி என்று சொல்லியிருக்கலாம். அவளே அதை எதிர்பார்த்திருப்பாளோ என்னவோ. “பொழச்சிருக்கும்னுதான் நினைக்கேன்” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், நான் முன்பு சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட அதே மாதிரி. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரமே உண்மையை எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, ஒரு வருஷ ஊதிய உயர்வு நின்றது. உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். பச்சையை விற்றுவிட்டு ஒரு கறுப்பு வண்டி வாங்கினேன். பின்னால் மிதித்தால் நிற்கிற அந்தப் பழைய வண்டியை அண்ணாச்சி எப்போதோ விற்றுவிட்டிருந்தார்.

பேச்சியம்மாள் அடுத்த மாதம் ஊசி நாளில் சரியாக வந்து வரிசையில் நின்றாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாவது பிரசவத்துக்கும் அவள் செங்கோட்டைக்குத்தான் போனாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் மறுவருஷம் முருகையாவின் தங்கை பிரசவத்துக்கு அந்த வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு மத்தியானம் முருகையாவே என்னைத் தேடி வந்து வாசலில் நின்றான். “பேச்சி உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னா” என்றான். நான் போனேன். பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடனே அழுதது. பேச்சியம்மாள்தான் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ மருந்துப் பையோடு மலையடிப் பாதையில் போகும்போது ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சைக்கிள் உன்னைக் கைவிடும். எவ்வளவு நல்லதாகப் பார்த்து வாங்கினாலும் டியூப் போகும், செயின் அறும். அப்போது அதை முள்ளுக்குள் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போக உன்னால் முடிய வேண்டும். அப்படிப் போக முடிகிற விலையில், அப்படிப் போக முடிகிற அழகில் ஒன்றை வாங்கு. நீலம் போதும் என்று நான் சொன்னது அதனால்தான். போய்ச் சேர நேரமாகிவிட்டால், ஏன் நேரமானது என்று உள்ளபடி சொல். மாட்டுக்காரன் திட்டுவான். திட்டு வாங்கிக்கொள்.

சனிக்கிழமை நீ வந்ததும் இரண்டு பேரும் தென்காசிக்குப் போகலாம். ரிம்மில் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். போகிற வழியில் இந்தக் கடிதத்தைப் பற்றி நீ என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். ஒன்றுமே கேட்கத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, என் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து வா.

அம்மா